மதிலோரம் அளந்த சத்தம்

எங்கள் குறுக்குத்தெரு ஒழுங்கைக்கு ஃபைபர் இணைப்பு வந்த வாரம், வீட்டில் வயர் இல்லாமல் பாட்டுக் கேட்பதற்கு நல்ல ஸ்பீக்கர் தொகுதி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததற்கும் வாங்கியதற்கும் இடையில் மூன்று மாதமும் பதினொரு நாளும். அந்தக் காலத்தில் நான் செய்தவை எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. வாங்கிய பிறகு செய்யாமல் விட்ட ஒன்றும் அதில் இருக்கிறது, செய்து முடித்த காரியம் போல எழுதப்பட்டு.

துறைமுகத்தடியில் ஓர் அலுவலகத்தில் பதிவேடுகள் பார்க்கிற வேலை எனக்கு. எங்கள் வீடு உள்துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. பழைய கட்டிடம், சுவர்கள் ஒன்றரை அடித் தடிப்பு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நானும் மனைவியும்தான்.

எனக்கு நாதஸ்வரமும் தவிலும் வேண்டும். போனில் கேட்டால் தவிலின் வலது பக்கமான வலந்தலை தகரத்தில் தட்டுவது போலிருக்கும், இடது தொப்பிப் பக்கம் இருக்கிற இடமே தெரியாது. புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனால் சுவர் தடுத்துப் பாட்டு அறுந்தது. யாராவது அழைத்தால் நாதஸ்வரம் நின்று அவர்களுடைய அழைப்பு மணி விறாந்தையெங்கும் கேட்டது. எனவே வைஃபை ஸ்பீக்கர்தான் என்று தீர்மானித்தேன். அது போனை நம்பியிராமல் ரவுட்டரிலிருந்து தானே பாட்டை எடுத்துக்கொள்ளும். ரவுட்டரை ஏழு இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு வேகம் வருகிறது என்று அளந்து எழுதினேன். உப்புக்காற்று எந்த உலோகத்தைத் தின்னும், எதைத் தின்னாது என்று இணையத்தில் வாசித்தேன். ஒன்பது தொகுதிகளை ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டேன்.

மனைவி அட்டவணையை ஒருமுறை பார்த்தாள். "எனக்குக் குசினிக்குள்ள சின்னதா ஒண்டு, கையால முறுக்கிற திருகோட இருந்தால் காணும்" என்றாள். அப்படியான ஸ்பீக்கர் அட்டவணையில் ஆறாவதாக இருந்தது. தவில் எடுபடாது என்று நான் அதை முதல் வாரமே வெட்டிவிட்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

கடைக்காரர் கிண்ணியாக்காரர், எல்லாரும் அவரை நாநா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கடைக்கு நான் பதினான்கு தடவை போயிருக்கிறேன். போகும் போதெல்லாம் அதே தவில் தனி வாசிப்பை வெவ்வேறு ஸ்பீக்கர்களில் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பேன்.

"சேர், நீங்க பொண்ணு பாக்க வந்த மாதிரியெல்லோ பாக்கிறீங்க" என்றார் ஒருநாள். "பொண்ணு வீட்டிலயும் நாலு தரத்துக்கு மேல பலகாரம் குடுக்க மாட்டாங்க."

"ஒருக்கா வாங்கினால் பிறகு மாத்தேலாது, நாநா."

"அது சரி. வீட்டில கேக்கிறது ஆரு, நீங்க மட்டுமா?"

"எல்லாருந்தான்" என்றேன். இரண்டு பேருள்ள வீட்டுக்கு 'எல்லாரும்' என்று சொன்னது அப்போது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை.

கடைசியில் மூன்று ஸ்பீக்கர் கொண்ட தொகுதியை எடுத்தேன். வீட்டுக்குள் நடு மண்டபத்துக்கு இரண்டு, முன் விறாந்தைக்கு ஒன்று. அதைத் தெரிவுசெய்ததற்கு இரண்டு காரணங்களை எழுதியிருக்கிறேன். விறாந்தை ஸ்பீக்கருக்குள் பட்டரி இருந்தது, மின்சாரம் நின்றாலும் ஐந்து மணித்தியாலம் பாடும். மற்றது, நேர அட்டவணை ஸ்பீக்கருக்குள்ளேயே பதிந்திருக்கும். ஒருமுறை சொல்லி வைத்தால், போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்துக்குத் தன்பாட்டில் தொடங்கும். மற்றைய எட்டிலும் அந்த வசதி இல்லை. ரவுட்டருக்கும் தனியாக ஒரு பட்டரி வாங்கிப் பூட்டினேன்.

அலுவலகம் விட்டு நான் வீட்டுப் படலையைத் திறக்கும் நேரம் நாலு நாற்பது. விறாந்தை ஸ்பீக்கரை நாலு நாற்பதுக்கு வைத்தேன். நான் வர, நாதஸ்வரம் தொடங்கும். முதல் வாரம் படலையடியில் ஒரு நிமிடம் முந்தி வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு மதில். அந்த வீட்டில் பாலர் பாடசாலை ரீச்சரும் அவருடைய கணவரும். கணவர் துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கூட்டிவருகிற வழிகாட்டிப் படகு ஓட்டியவர். சிறுநீரகம் பழுதாகி வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல். கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். என் மனைவிக்கு இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. அவள் குச்சவெளிப் பக்கம், அங்கேயும் இப்போது ஒருவரும் இல்லை. பின்னேரங்களில் மதிலின் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் ரீச்சரும் நின்று கதைப்பார்கள். கதைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் அரை மணித்தியாலம் நிற்பார்கள். அவளுக்கு அதுதான் ஊர்.

ஸ்பீக்கர் வந்து மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை, மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் விறாந்தையில் கேட்டுக்கொண்டிருந்தேன். ரீச்சர் மதிலடிக்கு வந்து கூப்பிட்டார்.

"அண்ணை, ஒரு சின்னக் கதை."

"சொல்லுங்கோ ரீச்சர்."

"இவர் ஆஸ்பத்திரியால வந்து இந்த நேரத்திலதான் கொஞ்சம் கண்ணயர்றவர். முன் அறையிலதான் காத்து வரும், அங்கதான் படுக்கிறவர். அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் உள்ளுக்குத் திருப்பி வைக்கேலுமோ?"

திருப்பி வைத்திருக்கலாம். ஒரு கையால் செய்கிற வேலை. ஆனால் அதைச் சரியான கோணத்தில் வைக்க எனக்கு இரண்டு பின்னேரம் எடுத்திருந்தது. "சத்தம் அங்கால வருதோ? பொறுங்கோ, பாப்பம்" என்று உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தேன். சத்தத்தை அளக்கிற ஆப் ஒன்று அதில் இருந்தது. போனை மதிலுக்கு மேலால் அவருடைய பக்கத்துக்கு நீட்டி, அரை நிமிடம் அசையாமல் பிடித்தேன்.

"இஞ்ச பாருங்கோ, ஐம்பத்தாறு டெசிபெல். ஆக்கள் கதைக்கிற அளவுதான். கப்பல் ஊதுறது இதைவிட எத்தனையோ மடங்கு."

ரீச்சர் அந்த இலக்கத்தைக் குனிந்து பார்த்தார். பாலர் பாடசாலையில் பிள்ளை காட்டுகிற கொப்பியைப் பார்க்கிற மாதிரி, கவனமாக.

"ஓம் அண்ணை. அப்பிடியெண்டால் சரி."

அன்றைய குறிப்பு: "பக்கத்து வீட்டார் சத்தம் பற்றி விசாரித்தனர். மதிலோரம் அளவு 56. விளக்கினேன். திருப்தி."

அதற்குப் பிறகு ரீச்சர் மதிலடிக்கு வருவது குறைந்து, பிறகு நின்றது. மனைவி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ரீச்சர் இப்ப இந்தப் பக்கம் வாறேல்லை. என்னைக் கண்டாலும் தலையை மட்டும் ஆட்டிப்போட்டுப் போறா. நான் ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டனோ?"

"வருத்தக்காரனைப் பாக்கிறவவுக்கு நிண்டு கதைக்க நேரம் எங்கால?" என்றேன்.

அவள் அதோடு விடவில்லை. நடந்தது எல்லாவற்றையும் பின்னோக்கி எண்ணிக்கொண்டு போய், ஒரு மீன் குழம்பில் நின்றாள். ஸ்பீக்கர் வந்த நாட்களில் அவள் பாரைக் குழம்பு ஒரு சட்டி மதிலுக்கு மேலால் கொடுத்திருந்தாள். சிறுநீரகக்காரருக்கு உப்பு ஆகாது என்பது கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம். "நான் அறிஞ்சுகொண்டு செய்த மாதிரி நினைச்சிருப்பா" என்றாள். எனக்குக் காரணம் தெரியும். குறைந்தது ஓர் ஊகம் இருந்தது. "உனக்கு விசர்" என்று மட்டும் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஸ்பீக்கர் நாலு நாற்பதுக்குத் தொடங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு சனிக்கிழமை விடியப்புறம் இறந்தார். அடக்கம் ஞாயிறு பின்னேரம்.

ஒழுங்கையில் ஒரு சாவு என்றால், உடல் எடுக்கும்வரை அயலில் ரீவி, ரேடியோ எதுவும் போடுவதில்லை. நானும் ஒழுங்காகச் செய்தேன். ரீவியின் வயரைக் கழற்றினேன். போனில் பாட்டு ஆப்பை மூடினேன். செத்த வீட்டில் போன் அடிக்கக்கூடாது என்று அதையும் வீட்டில் வைத்துவிட்டு, விறாந்தைக் கம்பிக் கதவைப் பூட்டித் திறப்பை மனைவியிடம் கொடுத்தேன். ஆப்பை மூடினால் ஸ்பீக்கரும் மூடும் என்று நினைத்தேன். நேரம் ஸ்பீக்கருக்குள்ளேயே பதிந்திருக்கிறது, போன் தேவையில்லை என்பதற்காகத்தான் மூன்று மாதம் தேடி அதை வாங்கியிருந்தேன். அந்த இரண்டு நாளும் அது என் நினைவுக்கு வரவில்லை. சனிக்கிழமை அது பாடவில்லை, ஏனென்றால் சனிப் பின்னேரம் நான் சந்தைக்குப் போவதால் வேலைநாட்களுக்கும் ஞாயிறுக்கும் மட்டும் வைத்திருந்தேன்.

குருக்கள் வரப் பிந்தியதால் கிரியை பிந்தியது. நாலரைக்குப் பின்னர்தான் வாய்க்கரிசி போட்டு முடிந்தது. நான் முற்றத்துத் தறப்பாளின் கீழ் துறைமுகத்து ஆட்களோடு நின்றேன். மனைவி உள்ளே, பெண்களோடு. பெட்டியை மூடப் போகிறார்கள் என்று அழுகை எழும்பியது. அதற்கு மேலால் என் விறாந்தையிலிருந்து தவில் தொடங்கியது.

பாட்டுச் சேவை ஒவ்வொரு நாளும் தானே ஒரு வாசிப்பைத் தெரிவுசெய்யும். அன்றைக்கு அது தெரிவுசெய்தது தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம். வலந்தலையும் தொப்பியும் துல்லியமாகப் பிரிந்து கேட்டன. நான் தேடிய சத்தம் அதுதான்.

"எங்கையடா கலியாண வீடு?" என்றார் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர்.

"பக்கத்து வீட்டு ஐயாவின்ர. ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு வைக்கிறவர்."

"இண்டைக்குமோ?"

"மாப்பிளையை மேளத்தோட அனுப்பினால்தான் அவருக்குத் திருப்தி போல."

நான் ஓடினேன். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. திறப்பு மனைவியின் கைப்பையில், மனைவி பெட்டியடியில். யாரோ எனக்கு முந்தி வந்து வெளிச்சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இழுத்து விழுத்தினார். வீட்டுக்குள் மின்சாரம் நின்றது. விறாந்தை ஸ்பீக்கர் பட்டரியில் பாடியது. ரவுட்டரும் பட்டரியில் இயங்கியது. இழுத்தவர் சுவிட்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கம்பிக்குள்ளால் கையை விட்டேன், எட்டவில்லை. ஒரு தடி எடுத்துத் தட்டினேன். ஸ்பீக்கர் சற்றுத் திரும்பி மதில் பக்கத்தை இன்னும் நேராகப் பார்த்தது. கடைசியில் நானே செத்த வீட்டு மண்டபத்துக்குள், பெண்களுக்கு நடுவில் போய், மனைவியின் தோளைத் தொட்டுத் திறப்பைக் கேட்க வேண்டியிருந்தது. அவள் அழுதுகொண்டே கைப்பையைத் துழாவினாள். ரீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக என்னால் எழுத முடியாது. ஒன்றும் இருக்கவில்லை.

முழுதாக ஏழு நிமிடம் பாடியது.

எட்டாம் நாள் கிரியைக்கு நானும் மனைவியும் போனோம். ரீச்சருக்கு முன்னால் கதிரையில் இருந்து, நேரம் ஸ்பீக்கருக்குள் பதிந்திருந்ததையும், நான் மூடியது ஆப்பை மட்டும் என்பதையும் படிப்படியாக விளங்கப்படுத்தினேன். ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் அண்ணை. மெஷின்தானே. நீங்கள் வேணுமெண்டு செய்வியளே?"

பக்கத்தில் இருந்த உறவினர்களும் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒருவருடைய போன் கோயில் மூலத்தானத்துக்கு முன்னால் அடித்ததாம். எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள். எனக்கு உடம்பு லேசாக இருந்தது.

வீட்டுப் படலையைத் திறக்கும்போது மனைவி சொன்னாள்: "பாத்தீங்களே, இவ்வளவு பெரிய பிழைக்கே அவ கோவிக்கேல்லை. அப்ப அது குழம்புதான்."

நான் படலைக் கொளுக்கியைப் போட்டேன்.

"நான் குடுத்த கிழமைக்குப் பிறகுதானே அவருக்குக் கால் வீங்கினது" என்றாள். அழவில்லை. அலுவலகத்தில் ஒருவர் ஆவணத்தைப் பார்த்து வாசிப்பது போலச் சொன்னாள். "நான் உப்பைக் குடுத்து அந்தாளை முடிச்சுப்போட்டன்."

இந்த இடத்தில் நான் வாய் திறந்தேன் என்று எழுத விரும்புகிறேன். இல்லை. இருபத்துநான்கு நாள் பொறுத்திருந்தேன். அந்த நாட்களில் அவள் தன்னுடைய சாப்பாட்டுக்கு உப்புப் போடாமல் விட்டாள். என் கறிக்குத் தனியாகப் போட்டாள். நான் உப்புள்ள கறியைச் சாப்பிட்டேன். குறிப்பில் அதையும் எழுதினேன், காரணம் எழுதவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் காலை அவள் மேசையில் கறியை வைத்தபோது, நான் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து நாட்குறிப்பை எடுத்து வந்து, அந்தப் புதன்கிழமைப் பக்கத்தை விரித்து அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"என்ன விசாரிச்சவ?"

சொன்னேன். ரீச்சர் கேட்டதை, நான் போனை நீட்டியதை, அவர் குனிந்து பார்த்ததை.

"திருப்தி எண்டு எழுதியிருக்கு. ஆருக்கு?"

நான் கறிச் சட்டியை மூடினேன்.

"நான் கேட்டனானெல்லோ" என்றாள். "எத்தனை தரம் உங்களிட்டக் கேட்டனான், ஏன் வாறேல்லை எண்டு." கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினாள். "போய் அவவிட்டச் சொல்லுங்கோ. ஸ்பீக்கர் கதை இல்லை, இதை. நான் உங்களோட வரமாட்டன்."

நான் தனியாகப் போனேன். ரீச்சர் மண்டபத்தில் பாலர் பாடசாலைக்கு நிறத்தாள் வெட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். இந்த முறை விளக்கம் வைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் கேட்டபோது நான் திருப்பி வைக்கவில்லை, அது பிழை என்று மட்டும் சொன்னேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"உள்ள போய் அவரிட்டச் சொன்னனான், ஐம்பத்தாறாம், ஆக்கள் கதைக்கிற அளவாம் எண்டு. சிரிச்சவர். பிறகு பின் அறையில போய்ப் படுத்தவர். அந்த அறையில ஃபான் இல்லை. கடைசி மட்டும் அங்கதான்."

எனக்கு இருக்கவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

"எனக்கு உங்களில கூட அவ்வளவு கோவம் இல்லை, அண்ணை" என்றார் ரீச்சர். "அக்காவிலதான். அவவுக்குத் தெரிஞ்சும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே எண்டு."

"அவவுக்குத் தெரியாது. இண்டைக்குக் காலமைதான் சொன்னனான். அவ, தான் தந்த மீன் குழம்புதான் காரணமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. அதாலதான் அவர் செத்தவரெண்டும்."

"குழம்போ?" ரீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. "அதை அவர் சாப்பிடவே இல்லை. நானெல்லோ சாப்பிட்டனான். இரண்டு நாள் வச்சுச் சாப்பிட்டனான்." எழும்பினார். மடியிலிருந்த தாள்கள் நிலத்தில் கொட்டின. "இதை நினைச்சுக்கொண்டோ இவ்வளவு நாளும் இருந்தவ? நீங்களும் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவர் என்னைக் கடந்து, செருப்பைக்கூடப் போடாமல் முற்றத்தால் ஒழுங்கைக்கு இறங்கினார். கணவர் போன பிறகு அவர் வாசல் தாண்டிப் போன முதல் வீடு எங்களுடையது. என் வீட்டுப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மனைவியின் குரல், பிறகு இரண்டு குரலும்.

ரீச்சருடைய வீடு திறந்தபடி கிடந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அவருக்குப் பின்னால் போய் அவர்களோடு இருக்க எனக்கு உரிமையும் இல்லை. நிலத்தில் சிதறிய தாள்களைப் பொறுக்கி, நிறத்துக்கு நிறம் பிரித்து அடுக்கினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுக்கி முடித்தும் அவர் வரவில்லை. கதிரை நுனியில் இருந்தேன். பின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகித்தான் ரீச்சர் வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் எங்கள் வீட்டுச் சட்டி ஒன்று, மூடியபடி. என்னைக் கண்டு வாசலில் நின்றார்.

"நீங்கள் இன்னும் போகேல்லையோ?"

"வீடு திறந்து கிடந்தது."

அவர் தாள் அடுக்கைப் பார்த்தார். சட்டியைக் குசினிக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"சரி, இனிப் போங்கோ அண்ணை" என்றார். "அவசரமில்லை. அக்கா உங்களைத் தேடேல்லை."